குளிசை தொடங்கிய பிறகு தோலும் தசையும் மாறினால்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கும் என் மாமி கொழுப்பைக் குறைக்கும் குளிசையை இரண்டரை வருடம் விழுங்கினார். மாதாமாதம் அதை எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். மட்டக்களப்பில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக வேலை செய்கிறேன். மாமிக்குப் பாயிலிருந்து எழும்ப முடியாமல் போன பிறகு, மருந்து வாங்க வருபவர்களிடம் நான் கூடுதலாக விசாரிக்கத் தொடங்கினேன். அவர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இவை. வைத்தியர் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தே இன்னொரு வருத்தத்தைக் கொண்டுவருமா?

அபூர்வமாகக் கொண்டுவரும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, சிலருக்குச் சொந்தத் தோலையும் தசையையுமே பகையாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். தோலும் தசையும் சேர்ந்து பாதிக்கப்படும் வகைக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு இது எந்த மருந்தும் காரணமில்லாமலேயே வருகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஏதோ ஒரு மருந்து அதைத் தூண்டிவிடுகிறது.

மருந்தால் வருவனவற்றிலும் இரண்டு விதம் உண்டு. மருந்தை நிறுத்தினால் தானும் நின்றுவிடுவது ஒன்று. நிறுத்திய பிறகும் நிற்காமல் தசையைத் தின்றுகொண்டே போவது மற்றது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் மாமி பல மாதங்களை இழந்தார்.

எந்த மருந்துகளைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்புக் குளிசைகளை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நமது ஊரில் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் பெரியவர்களில் ஏராளமானோர் அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ எடுக்கிறார்கள். தோலில் தெரியும் டெர்மட்டோமயோசைட்டிஸ் இவற்றால் வந்ததாகச் சில பதிவுகள் மட்டுமே இருக்கின்றன. இவற்றோடு அதிகம் தொடர்புடையது, தோலில் ஒன்றும் காட்டாமல் தசை இழைகளை மட்டும் அழிக்கும் இன்னொரு தன்னெதிர்ப்பு நோய். ஸ்டாட்டின் எடுக்கும் ஒரு இலட்சம் பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு அது வரலாம் என்பது மதிப்பீடு.

இரத்தம் தடிக்கும் வருத்தத்துக்கும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கும் ஹைட்ரொக்சியூரியா இதற்கு நேர் எதிர். மருந்தால் வந்த டெர்மட்டோமயோசைட்டிஸ் பதிவுகளில் அதிகம் அடிபடும் பெயர் இதுதான். பல வருடம் குடித்த பிறகு கை விரல் மொழிகளில் புள்ளிகள் எழும், தோல் மெலிந்து கறுக்கும், ஆனால் தசை பெரும்பாலும் பலவீனப்படாது. மருந்தை மாற்றினால் பலருக்கு மெல்ல மெல்ல ஆறிவிடும்.

உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குக் கொடுக்கும் பெனிசிலமைன், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்க மூட்டுவாதத்துக்குப் போடும் ஊசிகள், இன்டர்ஃபெரோன் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புற்றுநோய்க்கு இப்போது வந்திருக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகளைத் தனியாகவே சொல்ல வேண்டும். அவற்றால் வரும் தசை அழற்சி பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் தலைகாட்டும். இதயத் தசையையும் அது பிடிக்கக்கூடும். ஊசி போட்டவருக்குக் கண் இமை தொங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயையும் மருந்து தூண்டலாம். பிரஷருக்கான ஹைட்ரலசீன், காசநோய்க்கான ஐசோனியாசிட், முகப்பருவுக்கான மினோசைக்கிளின் ஆகியவை இதற்குப் பெயர் போனவை. வெயில் படும் இடங்களில் வட்ட வட்டமாகத் தடிப்பு எழும் ஒரு லூபஸ் வகையை, நாம் சாதாரணமாக நினைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், ஒமெப்ரசோல், படைக்குக் கொடுக்கும் டெர்பினஃபின் ஆகியவையும் கொண்டுவந்திருக்கின்றன.

தசை பலவீனத்தை வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது?

உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகள்தான் முதலில் சோரும். அதாவது தொடை, இடுப்பு, தோள், கழுத்து. கை விரலின் பிடி நன்றாகவே இருக்கும். ஆகவே பேனை பிடிக்க முடியும், தலை இழுத்து முடிய முடியாது. சட்டிக்குள் அகப்பை பிடிக்க முடியும், கிணற்றில் வாளியை இழுத்துத் தலையில் ஊற்ற முடியாது.

நமது வாழ்க்கையில் இது சில இடங்களில் சட்டென்று தெரிந்துவிடும். குந்தி இருந்தால் எழும்ப எதையாவது பிடிக்க வேண்டிவரும். பஸ்ஸின் முதல் படியில் கால் ஏறாது. காத்தான்குடியில் ஒரு வாப்பா என்னிடம் சொன்னார்: "தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்ப இரண்டு கையையும் நிலத்தில் ஊன்ற வேண்டியிருக்கிறது மகள், முன்பு அப்படி இல்லை." அவர் அதை வயது என்று நினைத்திருந்தார். வயதால் வரும் தளர்ச்சி வருடக்கணக்கில் வரும். சில கிழமைகளில், சில மாதங்களில் வந்தால் அது வயது அல்ல.

ஒரு சின்னச் சோதனை: கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழும்பிப் பாருங்கள். முழங்கால் தேய்வு இல்லாதவருக்கு இது முடியாவிட்டால் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். "உடம்பு ஏலாது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடியவில்லை" என்றால் விளங்கும்.

தோலில் என்ன தெரியும்?

மேல் இமைகள் ஊதா நிறம் பாரித்து வீங்கும். விரல் மொழிகளின் மேல், முழங்கை, முழங்கால் மேல் தடித்த புள்ளிகள் எழும். கழுத்தடியிலும் நெஞ்சின் மேற்பகுதியிலும், சால்வை போர்த்தும் இடமான தோள், மேல்முதுகிலும் நிறம் மாறும். நகக்கண்ணைச் சுற்றிச் சிறு இரத்தக் குழாய்கள் தடித்துத் தெரியும். தலையில் கடுமையான அரிப்பு இருக்கலாம்.

வைத்தியப் புத்தகங்களில் இருக்கும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். அதில் சிவப்பாகத் தெரிவது நமது தோலில் கருநாவலாகவோ, கடும் பழுப்பாகவோ, வெறும் கறுப்பாகவோதான் தெரியும். "வயலில் வெயில் பட்டுக் கறுத்துவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். வெயில் தான் படும் எல்லா இடத்தையும் ஒரேமாதிரிக் கறுக்க வைக்கும். விரல் மொழியை மட்டும் தேடிப் பிடித்துத் தடிக்க வைக்காது.

முகம் கறுத்தது என்று வெள்ளையாக்கும் கிறீம் பூசத் தொடங்குபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது அடையாளத்தை மறைத்துவிடும், நோயை மாற்றாது.

கொழுப்புக் குளிசை குடிக்கிறேன், கால் உளைகிறது. எனக்கும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பெரும் தொகுப்பாய்வு ஒன்று, ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு வந்த தசை முறைப்பாடுகளில் தொண்ணூறு வீதத்துக்கும் மேற்பட்டவை அந்தக் குளிசையால் வந்தவை அல்ல என்று காட்டியது. வயல் வேலை, விற்றமின் டி குறைவு, தைரொயிட் சுரப்புக் குறைவு என்று உளைச்சலுக்கு வேறு காரணங்கள் பல இருக்கின்றன. உண்மையாகவே குளிசையால் வரும் சாதாரணத் தசை நோவும், நிறுத்திச் சில கிழமைகளில், கூடினால் இரண்டு மூன்று மாதங்களில் போய்விடும்.

நான் பயப்படுவது நோவுக்கு அல்ல, பலவீனத்துக்கு. மாமிக்கு நோவு பெரிதாக இருக்கவே இல்லை.

மாமிக்கு நடந்தது என்ன?

அவருக்கு 58 வயது, சீனி வருத்தம் இருந்தது. முதலில் பாயில் படுப்பதை விட்டுக் கட்டிலுக்கு மாறினார். பிறகு கோயில் படியில் ஏறாமல் வெளியில் நின்று கும்பிட்டார். ஒரு கிளினிக்கில் விற்றமின் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் இரத்தம் சோதித்து, ஈரலுக்கான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடியிருப்பதால் ஈரலில் கொழுப்பு என்றார்கள். நானும் அதை நம்பினேன். அந்த இரண்டு நொதியங்களும் தசையிலும் இருக்கின்றன, தசை அழிந்தாலும் அவை இரத்தத்தில் கூடும் என்பதைப் படித்தவள் நான். படித்தது அந்த நேரத்தில் என் கைக்கு வரவில்லை.

கடைசியில் ஒரு இளம் வைத்தியர் மாமியைக் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். மாமி இரண்டு தரம் முயன்று திரும்ப இருந்துவிட்டார். தசை அழியும்போது இரத்தத்தில் கூடும் சீ.பி.கே. என்ற நொதியத்தை அன்றைக்கே சோதிக்க எழுதினார். சாதாரணமாக 200 அலகை ஒட்டி இருக்க வேண்டியது, 7,000ஐத் தாண்டியிருந்தது.

குளிசையை நிறுத்தினார்கள். நாங்கள் நிம்மதியாக இருந்தோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது எண் இறங்கவில்லை. தண்ணீர் விழுங்கும்போது மூக்கால் வரத் தொடங்கியிருந்தது.

நிறுத்திய பிறகும் ஏன் நிற்கவில்லை?

மாமியைப் பிடித்தது, தோலில் ஒன்றும் காட்டாமல் தசையை மட்டும் அழிக்கும் என்று மேலே சொன்ன அந்த நோய். எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதியம் உடலில் கொலஸ்ட்ரோல் உண்டாக உதவுகிறது. ஸ்டாட்டின் வேலை செய்வது அதைத் தடுத்துத்தான். தடுக்கத் தடுக்க, கலங்கள் அந்த நொதியத்தைக் கூடுதலாகச் செய்கின்றன. மரபு வாய்ப்பு உள்ள சிலரின் உடல் அந்த நொதியத்துக்கே எதிர்ப்புப் புரதம் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த எதிர்ப்புப் புரதம் எதைத் தாக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2011இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்.

அழிந்த தசை புதுப்பிக்கப்படும்போதும் அந்த நொதியம் தசையில் கூடுகிறது. ஆகவே, குளிசை நின்ற பிறகும் தாக்குவதற்கு இலக்கு இருந்துகொண்டே இருக்கிறது. நெருப்பு வைத்தவன் போய்விட்டான், வைக்கோற்போர் எரிந்துகொண்டிருக்கிறது என்று மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். நிறுத்தியும் பலவீனம் நீடித்தால், சீ.பி.கே. இறங்காவிட்டால், இந்த எதிர்ப்புப் புரதத்தைச் சோதிக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சீ.பி.கே. சோதிக்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நெல் மூட்டை தூக்கிய மறுநாள் போக வேண்டாம். கடும் உடல் வேலைக்குப் பிறகு சுகமானவருக்கும் இந்த எண் பல மடங்கு கூடும், சில நாட்கள் அப்படியே நிற்கும். தசையில் ஊசி போட்டாலும், விழுந்து அடிபட்டாலும் கூடும். வேளாண்மை வெட்டுக் காலமாக இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். தைரொயிட் சோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது. அதன் குறைவும் இதே எண்ணை உயர்த்தும், அது எளிதில் மாற்றக்கூடிய காரணம்.

இதற்கு மேல் தசை மின்சோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தசைத் துண்டு எடுத்துப் பார்த்தல் தேவைப்படலாம்.

பயமாக இருக்கிறது. குளிசையை நானாகவே நிறுத்திவிடவா?

தயவுசெய்து வேண்டாம். மாமியின் தசையைப் பறித்தது அந்தக் குளிசை என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன். கெட்ட கொழுப்பை ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர் அயல்வீட்டுக் கதையைக் கேட்டு நிறுத்தினால், இலட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவதற்குப் பயந்து பக்கத்தில் நிற்கும் ஆபத்தை வீட்டுக்குள் விடுகிறார்.

ஆனால் எழும்ப முடியாத பலவீனமோ, தேநீர்ச் சாய நிறத்தில் சிறுநீரோ இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குளிசை உறையையும் கொண்டுபோங்கள்.

கிளினிக் தவிர வேறு இடத்தில் புதிதாக மருந்து எடுத்தால் ஸ்டாட்டின் குடிப்பதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், படைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல் ஆகியவை அட்டோர்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் இரத்தத்தில் தேங்க வைத்துத் தசையைக் கரைக்கும். அது தன்னெதிர்ப்பு நோய் அல்ல, நேரடி நச்சு. சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இது தொழுநோயா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தொற்றாது. தொழுநோயும் அல்ல. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொழுநோய் இன்னும் இருப்பதால் தோலில் ஏதாவது தெரிந்தாலே மறைக்கும் பழக்கம் இருக்கிறது. அதனால் இரண்டு நோய்க்காரருமே பிந்திப் போகிறார்கள். தொழுநோயின் தழும்பு பெரும்பாலும் வெளிறி, தொட்டால் உணர்ச்சி குறைந்து இருக்கும். அதற்கும் இலவசமாக மருந்து இருக்கிறது, முற்றாக மாறும். எதுவாக இருந்தாலும் தோல் கிளினிக்கில் காட்டுவதில் வெட்கம் இல்லை.

கிரந்திச் சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இறாலும் நண்டும் கணவாயும் இந்த நோயைக் கொண்டுவரவில்லை, கூட்டவும் இல்லை. தசை இழந்தவருக்குப் புரதம் தேவை. மாமிக்கு நான்கு மாதம் மீனையும் முட்டையையும் மறித்து வைத்திருந்தார்கள், பத்தியம் என்று. அவர் மெலிந்ததில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. ஸ்டீரொயிட் தொடங்கிய பிறகு உப்பையும் சீனியையும் குறைக்க வேண்டும், ஆகவே கருவாட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நாட்டு மருந்து குடிக்கலாமா?

என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத தூளையும் லேகியத்தையும் இந்த நேரத்தில் குடிக்க வேண்டாம். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கும் ஸ்பைருலினா போன்றவற்றுக்குப் பிறகு டெர்மட்டோமயோசைட்டிஸ் கிளம்பிய பதிவுகள் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தறிகெட்டு நிற்கும்போது அதற்குத் தீனி போடக் கூடாது. கொழுப்புக்கு இயற்கை மருந்து என்று விற்கும் சிவப்பு நொதி அரிசியில் இருப்பது லோவாஸ்டாட்டின்தான், பெயர் மட்டும் வேறு.

புற்றுநோய் இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறார்கள்?

வயது வந்தவர்களுக்கு வரும் டெர்மட்டோமயோசைட்டிஸ் சிலருக்கு உள்ளே இருக்கும் புற்றுநோயின் நிழலாக வருகிறது. மருந்துதான் காரணம் என்று தோன்றினாலும் அதைப் பார்த்து விலக்க வேண்டும். ஸ்கேன் எழுதினால் செய்துவிடுங்கள்.

சிகிச்சை என்ன?

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட்டோடு தொடங்குவது வழக்கம். அதைக் குறைப்பதற்காக மெதோட்ரெக்சேட், அசதயோபிரின், மைக்கோஃபெனோலேட் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பார்கள். கடுமையானவர்களுக்கு இம்யூனோகுளோபுலினை இரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள்.

மருந்தாளராக மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரே ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையை அழித்து ஆளையே கொல்லும். நான் உறையில் "செவ்வாய் மட்டும்" என்று பெரிதாக எழுதி, வீட்டில் ஒருவரையாவது அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் மெதோட்ரெக்சேட்டும் மைக்கோஃபெனோலேட்டும் கருவைப் பாதிக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே வைத்தியரோடு கதைக்க வேண்டும். அடுத்தது, ஸ்டீரொயிட்டை முகம் ஊதுகிறது என்று சட்டென்று நிறுத்தக் கூடாது. உடலின் சொந்தச் சுரப்பு உறங்கிப்போயிருக்கும், மயங்கி விழ நேரும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

நமது மண்ணுக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. வயல் சேற்றிலும் தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி வாழ்கிறது. சீனி வருத்தம் உள்ளவர் ஸ்டீரொயிட்டும் எடுத்தால் அதற்கு எளிதாக இரையாவார். வெறுங்காலின் தோல் வழியாக நுழையும் ஒரு குடற்புழு, எதிர்ப்புச் சக்தி அடங்கியதும் உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே வயலுக்குப் போகும் ஆளா என்று வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். சப்பாத்துப் போடாமல் சேற்றில் இறங்க வேண்டாம், காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: பல மாதம் ஸ்டீரொயிட் எடுத்த பிறகு, அந்த ஸ்டீரொயிட்டாலேயே தொடை சோரலாம். அப்போது சீ.பி.கே. சாதாரணமாக இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று மருந்தைக் கூட்டினால் பலவீனமும் கூடும். அந்த எண்களைத் திகதியோடு எழுதி வைத்திருந்தால் வைத்தியருக்கு இது உடனே விளங்கும்.

எப்போது 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்?

விழுங்க முடியாமல் புரைக்கேறினால், மூச்சுத் திணறினால், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போனால். வரட்டு இருமலும் நடக்க இளைப்பும் மெதுவாக வந்தாலும் கிழமைக் கணக்கில் விட வேண்டாம், நுரையீரலையும் இந்த நோய் பிடிக்கும்.

நோன்பு பிடிக்கலாமா? கதிர்காமத்துக்கு நடக்கலாமா?

நோய் அடங்கியவர் பிரெட்னிசலோனைச் சஹர் உணவோடு எடுக்க முடியுமா என்று வைத்தியரைக் கேட்டுப் பிடிக்கலாம். நோய் கடுமையாக இருக்கும்போதும், சீனி ஏறி இறங்கும்போதும் வேண்டாம். தொழுகையைக் கதிரையில் இருந்து தொழலாம்.

உகந்தையிலிருந்து காட்டு வழியாக நடப்பது, அதுவும் கச்சான் காற்று எரிக்கும் காலத்தில், தோலுக்கும் தசைக்கும் இரட்டை அடி. வெயில் இந்தத் தோல் நோயைக் கிளறும். வழியில் ஆஸ்பத்திரியும் இல்லை. மாமி அந்த வருடம் பஸ்ஸில் போனார், நீளக்கைச் சட்டையும் குடையுமாக.

மருந்தால் வந்தது என்று யாரிடம் அறிவிப்பது?

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை பக்கவிளைவு முறைப்பாடுகளைப் பெறுகிறது. உங்கள் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ சொன்னால் அவர்கள் அறிக்கை அனுப்பலாம். மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி இலக்கம், தொடங்கிய திகதி மூன்றும் வேண்டும். ஆகவே உறையை எறிய வேண்டாம்.

சுகமான பிறகு கொழுப்புக் குளிசையை மறுபடி தொடங்கலாமா?

சாதாரண நோவு வந்தவருக்கு வேறு ஸ்டாட்டினையோ குறைந்த அளவையோ வைத்தியர் முயன்று பார்க்கலாம். எதிர்ப்புப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு எந்த ஸ்டாட்டினும் வாழ்நாளில் கூடாது. எசெட்டிமைப் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. மாமியின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "ஸ்டாட்டின் எதுவும் கொடுக்க வேண்டாம், தசை நோய்" என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். கொப்பி முடிந்து புதுக் கொப்பி மாற்றும்போதெல்லாம் அதை முதலில் எழுதுகிறேன்.